நாம் பார்க்காத ரத்தம்

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிறோம். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பிள்ளை வெளுத்துப்போனால் ஹீமோகுளோபின் பார்க்கிறோம். ரத்தத்தில் ஈயம் (காரீயம்) எவ்வளவு என்று மட்டும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தது. சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடுதலாக இருந்தன. அப்படிப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் என்ன சொன்னோம்? ‘வாலு’ என்றோம், ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்றோம். அந்தக் குழந்தைகள் இன்று இருபதைத் தாண்டிவிட்டார்கள்.

ஈயம் எங்கிருந்து வருகிறது? பொங்கலுக்கு முன் பெயின்ட் அடிக்கும் வீட்டைப் பாருங்கள். ஜன்னல் கம்பியில் உள்ள பழைய எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். பச்சையும் மஞ்சளுமாய்த் தூள் கொட்டுகிறது. அதே தரையில்தான் குழந்தை தவழ்கிறது, கீழே விழுந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் வைக்கிறது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்தது இன்னும் கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது. நனைத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கலாம். வேலை முடியும்வரை பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டிருக்கலாம். பெயின்டர் அண்ணனுக்கு நல்ல முகக்கவசம் ஒன்றுகூட நாம் வாங்கித் தரவில்லை. அவர் சட்டையில் ஒட்டிய தூளோடுதான் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்குகிறார்.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு இன்னும் மோசம். அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகம் என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிட்டோம். இந்தியாவில் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்ற மதிப்பீட்டை 2020-இல் யுனிசெஃப் வெளியிட்டபோதும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். அதை எங்கே உடைத்து உள்ளிருக்கும் ஈயத்தை உருக்குகிறார்கள், அந்த மண்ணில் யார் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று விசாரிக்கவில்லை.

ஹீமோகுளோபினுக்காகக் குத்தும் அதே விரலில் இன்னொரு துளி எடுத்து ஈயத்தையும் பார்க்க முடியும். அந்தக் கருவியை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வையுங்கள் என்று நாம் இதுவரை உரக்கக் கேட்கவில்லை.