ரோஸ்மேரி போத்தலில் விற்கிறது எண்ணெயா, பயமா?



பெண்கள் இருக்கிற எந்த வட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இப்போது ரோஸ்மேரி எண்ணெய் விளம்பரம்தான். "15 நாளில் முடி கொட்டுவது நிற்கும்", "வழுக்கையிலும் முளைக்கும்". சின்னப் போத்தல், பெரிய விலை. வாங்குகிறது யார்? பிள்ளை பெற்று மூன்று மாதமான தாய். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மகள்.

விற்கிற சகோதரிகள் கோபிக்க வேண்டாம். வீட்டிலிருந்து உழைக்கிற பெண்ணுக்கு நான் எதிரியில்லை. பொய் சொல்லி விற்கிறதுக்குத்தான் எதிரி.

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்கிறார்கள். அநேகமாக எல்லோரும் காட்டுவது 2015 இல் ஈரானிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வை. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப்பேருக்கு 2% மினொக்சிடில். மூன்றாம் மாதத்தில் இரண்டு பக்கமும் சொல்லத்தக்க மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில்தான் இரண்டிலும் முடி கூடியிருந்தது. மருந்தே இல்லாத கட்டுப்பாட்டுக் குழு ஒன்று அதில் இல்லை. கட்டுப்பாடு இல்லாமல் பெரிய முடிவு எடுக்காதே என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள், நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஆறு மாதக் கதை எப்படி 15 நாளானது?

அடுத்தது, கொதிநீராவியில் காய்ச்சி வடித்தெடுக்கிற ரோஸ்மேரி எண்ணெய் வேறு. தேங்காய் எண்ணெயில் இலையை ஊறவைக்கிறது வேறு. முதலாவது மிகவும் செறிவானது, அப்படியே தலையில் வைக்கக் கூடாது. இரண்டாவது நல்ல மணமுள்ள தலை எண்ணெய், அவ்வளவுதான். இரண்டாவதை முதலாவதின் பெயரில் விற்கிறார்கள்.

பெரிய ஆபத்து இனித்தான். பிள்ளை பெற்று சில மாதத்தில் முடி கொட்டுவது வழமை. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரம் எந்த எண்ணெய் வைத்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். ஆனால் வயசுப் பிள்ளைக்குக் கொட்டுவது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தைரோயிட்டாக இருக்கலாம். அதை எண்ணெய் கண்டுபிடிக்காது, இரத்தப் பரிசோதனைதான் கண்டுபிடிக்கும். அரச வைத்தியசாலையில் காசில்லாமல் வைத்தியரைக் காணலாம். அங்கு போகாமல் மூன்று போத்தல் முடியும்வரை காத்திருந்தால், அந்தப் பிள்ளையின் களைப்புக்கு யார் பொறுப்பு?

ரோஸ்மேரி எண்ணெய் வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யுங்கள். விதை போட வேண்டாம், அது முளைக்க மிகவும் சுணங்கும். நாலைந்து அங்குலத் தண்டை வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். அடியில் ஓட்டையுள்ள மண்சட்டி நல்லது. வேர் பிடித்த பிறகு ஆறு மணித்தியாலமாவது வெயில் வேண்டும். மேல் மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இது மத்தியதரைக் கடலோரச் செடி. வெயிலைத் தாங்கும், ஈரத்தில் அழுகும். மாரி மழைக்குத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

இலையை நிழலில் நொறுங்குகிற அளவுக்குக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் இலை மூழ்க எண்ணெய் ஊற்றி, கொதிக்காத சுடுநீரில் இரண்டு மணித்தியாலம் வைத்து, துணியில் வடியுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள். சிக்கு வாடை வந்தால் வீசிவிடுங்கள்.

இவ்வளவுதான் அந்த "இரகசிய ஃபோர்முலா".

நிறுவையில் மோசடி ஹராம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வாக்குறுதியில் மோசடி மட்டும் ஹலாலா? விற்கிறவர்கள் போத்தலில் என்ன எண்ணெய், என்ன இலை, செய்த திகதி, மூன்றையும் எழுதுங்கள். "முளைக்கும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வாங்குகிறவர்கள் வாங்கட்டும், முதல் ஆளாக நானே வாங்குகிறேன்.