புனித வீரனின் சபதத்துக்கு நீதிபதி யார்?

மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குள் பாலடின் என்ற புனித வீரன் 1975-இல், ‘கிரேஹாக்’ என்ற துணைநூல் வழியாக வந்தான். தொட்டாலே காயத்தை ஆற்றுவான், நோய் அவனை அண்டாது. ஆனால் அவனாக ஆட வேண்டுமானால் வசீகரம் என்ற பண்பின் மதிப்பு 17-க்குக் குறையக் கூடாது. மூன்று பகடை உருட்டினால் 216-க்கு 4 தடவைதான் 17-ஓ அதற்கு மேலோ விழும். அதைவிடக் கடினமானது அவனுடைய சபதம். தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் புனித வீரன் என்ற தகுதி திரும்பவே கிடைக்காது என்றது 1978-ஆம் ஆண்டு விதிநூல். மேசைச் சண்டைகள் பல இங்கேதான் தொடங்குகின்றன. சரணடைந்த கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்று கை கட்டப்பட்டு நிற்கிறது. விட்டுவிட்டால் அது தன் கூட்டத்தை அழைத்துவந்து ஊரைக் கொளுத்தும். வெட்டினால் அது கைதிக் கொலை. வீரன் எதைச் செய்தாலும் “உன் சக்தி போய்விட்டது” என்கிறார் ஆட்டத்தை நடத்துபவர். இக்கட்டை உண்டாக்கியவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே. இது அநியாயம். சபதத்தின் வாசகத்தையும் அதை மீறினால் வரும் விளைவையும் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் பேசி எழுதிவைப்பதை ஒவ்வொரு மேசையும் தன் சொந்த விதியாக்கிக்கொள்ள வேண்டும்.

தண்டனையையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு அதைத்தான் செய்தது: நல்லது, தீயது என எந்த நெறியைச் சேர்ந்தவனும் புனித வீரனாகலாம், தவறினாலும் சக்தி போகாது. சச்சரவு குறைந்திருக்கலாம், ஆனால் இழக்க ஒன்றுமில்லாதவனின் சபதத்துக்கு என்ன எடை? 2014-இன் ஐந்தாம் பதிப்பு சபதங்களை வகைபிரித்து, அவற்றின் கட்டளைகளையும் தெளிவாக எழுதியது. நல்ல திருத்தம்தான். ஆனால் மீறியவனை என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் ஆட்டம் நடத்துபவரிடமே விட்டுவிட்டது. அந்த இடைவெளியை மேசைதான் நிரப்பியாக வேண்டும். எழுதிய சபதம், மீறும் தறுவாயில் ஓர் எச்சரிக்கை, மீறியபின் மீள ஒரு வழி ஆகிய மூன்றும் போதும். கடுமைக்குப் பேர்போன 1978 விதியே, தீச்செயல் செய்யாமல் ஒழுங்கை மட்டும் மீறியவனுக்குப் பாவமன்னிப்பும் பரிகாரமும் வைத்திருந்தது.

எச்சரித்தால் கதையின் விறுவிறுப்பு போய்விடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சபதத்திலேயே ஊறி வளர்ந்த வீரனுக்கு எல்லை எங்கே என்று தெரியும். மேசையில் உட்கார்ந்து ஆடுபவருக்குத் தெரியாமல் போகலாம். எச்சரிக்கை அந்தக் குறையை நிரப்புகிறது, அவ்வளவுதான். தெரியாமல் வழுக்கி விழுந்தவனைவிட, தெரிந்தே வாளை ஓங்கியவனின் வீழ்ச்சிதான் மனத்தை உலுக்கும்.

நடத்துபவரின் அதிகாரம் குறையுமே என்ற கவலைக்கும் பதில் உண்டு. உலகம் அவருடையது: கோயில் கதவடைக்கலாம், சக வீரர்கள் ஒதுக்கலாம், ஊர் நம்ப மறுக்கலாம். பாத்திரத்தின் மனசாட்சி மட்டும் ஆடுபவருடையது; அதையும் பறித்தால் அவர் கையில் மிஞ்சுவது பகடைதான். அப்படியானால் எளிதான சபதமாகப் பார்த்து எழுதிக்கொள்வாரே என்றால், அதனால்தான் முழு மேசையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறேன். இதில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. யாரோடு சேரலாம் என்பதையும் பழைய விதி கட்டுப்படுத்தியதால், புனித வீரன் கூட்டாளிகளுக்குக் காவல்காரனாகிவிடுவான். திருடனாக ஆடுபவர் ஒரு பூட்டைத் திறக்கக்கூட அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சபதம் எடுத்தவனை மட்டுமே அது கட்டும் என்பதை சபதத்தை எழுதும் தாளின் முதல் வரியாகவே எழுதிவிடலாம்.