நாணமின்றிப் பேச ஓர் இடம்

இராஜபாளையத்து வீடுகள் பலவற்றில் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. இருமொழியில் வளர்ந்த பிள்ளைக்கும் வகுப்பில் ஓர் ஆங்கிலத் தொடரை உரக்க வாசிக்க நா எழுவதில்லை. அறியாமையினும் நாணமே இங்குப் பெருந்தடை.

2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த நம் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அவை காட்டும் பாடத்தைப் பத்து முறை கேட்டாலும் நகைப்பார் இலர். எனினும், அப்பாடங்கள் பேசுமேயன்றி நாம் பேசுவதைக் கேளா. 2022இல் 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் பயன்பட்ட 'ரீட் அலாங்' செயலியோ, இளஞ்சிறார்க்கென உருவானதாயினும், வாசிப்பைச் செவிமடுத்துப் பிழையை அப்போதே சுட்டும். கதைகளை முன்னரே பதிவிறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும்.

ஆனால், கைப்பேசி யாரிடம் உள்ளது? பஞ்சாலைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் தந்தையின் சட்டைப்பையில். வீட்டுக்கு ஒன்றே என்னும் நிலையில் பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை.

ஆகவே, அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை மாலையில் ஒரு மணி நேரம் வாய்விட்டு வாசிப்பதற்கெனத் திறந்துவைத்தல் வேண்டும். ஒலிவாங்கி பொருத்திய காதொலிப்பான்கள் சில போதும். ஆசிரியர் ஒருவர் உடனிருப்பின், கருவி உணராத பொருட்பிழையையும் அவர் திருத்துவார்.