உதிர்ந்தது முடியா, வேரா?

முடி நடவு சிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்றாவது வாரத்தில் தலையணையில் கிடக்கும் முடியைப் பார்த்து நிலைகுலைந்து போகிறார்கள். கொட்டிய பணமெல்லாம் வீணாயிற்று என்று கலங்குகிறார்கள். இந்த உதிர்வு இயல்பானதுதான் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பாத மருத்துவமனைகள் மீதுதான் எனக்குக் கோபம். நட்ட வேர்க்கால் பறிபோவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். அந்த இடத்தில் ரத்தம் கசியும். விழுந்த முடியின் அடியில் சதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். முடி நடவு மருத்துவர்களான பெர்ன்ஸ்டீனும் ராஸ்மனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 2 நாட்களில் முடியைப் பிடித்து இழுத்தால் வேர்க்காலும் கையோடு வந்தது. 9 நாட்களுக்குப் பிறகு அந்த ஆபத்து இல்லை. அதன்பின் ரத்தமின்றி உதிர்வது முடித்தண்டு மட்டுமே. நுனியில் தெரியும் சிறு வெள்ளைக் குமிழ் வேர்க்கால் அல்ல. வேர்க்கால் தோலுக்குள் ஓய்வில் இருக்கிறது. 3, 4 மாதங்களில் புதுமுடி முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகலாம். ஆனால் நட்ட இடத்தில் ரத்தம் கசிந்தாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கழன்று வந்த வேர்க்காலை நீங்களே திரும்பச் செருக முயலாதீர்கள்.