காஸ் புரட்டு

சித்திரை பிறந்துவிட்டால் வீட்டில் ஏ.சி. வைத்திருப்பவர்களில் பலர், வருஷத் திவசம் செய்வதுபோல் மெக்கானிக்கை அழைத்துக் "காஸ்" நிரப்பிக் கொள்ளுகின்றார்கள். போன வருஷம் நிரப்பிய காஸ் எங்கே போயிற்று என்று நாம் கேட்கின்றோம். அது மண்ணெண்ணெய்போல் எரிந்து தீரும் வஸ்துவல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாவதும் ஆவியாவதுமாக, அறையின் உஷ்ணத்தை வெளியே தள்ளிவிட்டு அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றது. அது குறைந்திருக்குமானால் எங்கேயோ ஒழுக்கு இருக்கின்றதென்பதே அர்த்தம். அதை அடைக்காமல் காஸை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதேயாகும். ஆதலால், ஒழுக்கு எங்கே என்று காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

பணத்தோடு போகுமானால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். இப்பொழுது புது ஏ.சி.க்கள் பலவற்றிலுள்ள ஆர்-32 காஸ் ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருஷக் கணக்கில் சுமார் 675 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமாய்ப் பூமியைச் சூடாக்கும். ஆர்-410ஏ என்பதோ 2,000 கிலோவுக்கும் மேல். நம் வீட்டு ஒழுக்கினால் ஏ.சி. இல்லாத குடிசைக்காரனும் வேக வேண்டியிருக்கின்றது.

16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது மற்றொரு குருட்டு நம்பிக்கை. சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரசர் 16-க்கும் 24-க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16-ல் ஓய்வின்றி ஓடும், அவ்வளவே. புது ஏ.சி.க்கள் 24 டிகிரியிலேயே துவங்க வேண்டுமென்று சர்க்கார் 2020 ஜனவரி முதல் விதித்தது. 20-க்குக் கீழே இறக்க முடியாதபடி செய்யும் யோசனையை 2025-ல் மத்திய மின்சார மந்திரி வெளியிட்டார். இது சுதந்திரத்தில் கை வைப்பதென்று சிலர் சொல்லக்கூடும். 16-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துத் தூங்குகின்ற சுதந்திரம்தான் அது.