கருவாட்டுப் பொட்டலத்துக்கு எந்த பிரிண்டர்?

கேள்வி: கருவாடு, மீன் ஊறுகாய் செய்து விற்கும் சிறிய மகளிர் குழு. மாதம் 500 பொட்டலம் வரை போகிறது. இங்க் பிரிண்டரில் லேபிள் அடித்து ஒட்டியதில், மாசிமக விற்பனையின்போது ஈரம் பட்டுத் தேதியும் விலையும் கரைந்துவிட்டன. கடைக்காரர் சரக்கைத் திருப்பிவிட்டார். பில் அடிக்கவும் லேபிளுக்கும் சேர்த்து எந்த பிரிண்டர் வாங்கலாம்?
– வாசகி, வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: கடைக்காரர் திருப்பியது சரியே. தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், நிகர எடை, அதிகபட்ச விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஆகியவை படிக்கும்படி இல்லாத பொட்டலத்தை விற்றால் விற்பவருக்கும் சிக்கல் வரும். எனவே விலை குறைந்த பிரிண்டர் எது என்று பார்ப்பதைவிட, அழியாத எழுத்து எதில் வரும் என்று பாருங்கள்.

இங்க் பிரிண்டர்: விலை குறைந்த பல பிரிண்டர்களில் உள்ள சாய மை தண்ணீரில் கரையும். நிறமி மை ஓரளவு தாங்கும். பல நாள் ஓட்டாமல் வைத்தால் மை காய்ந்து நுண்துளை அடைபடும். வண்ணப் படம் தேவைப்படுவோர் டேங்க் வகையை வாங்கி, வாரம் ஒரு பக்கமாவது அடிக்க வேண்டும்.

லேசர் பிரிண்டர்: இதில் மை கிடையாது. டோனர் தூளைச் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் தாளில் உருக்கி ஒட்டுகிறது. ஈரத்தில் கரையாது, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. லேசருக்கென்றே விற்கும் ஸ்டிக்கர் தாளைத்தான் போட வேண்டும். மற்றவற்றின் பசை உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பாதி உரித்த தாளையும் போடாதீர்கள்.

தெர்மல் பிரிண்டர்: பஸ் டிக்கெட் அடிக்கும் வகையில், வெப்பம் பட்டுத் தாளே கறுக்கிறது. வெயிலிலும் எண்ணெயிலும் எழுத்து மங்கும். பில்லுக்குப் போதும், ஊறுகாய் லேபிளுக்கு ஆகாது. ரிப்பன் போட்டு அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் வகை வேறு. மெழுகும் ரெசினும் கலந்த ரிப்பனோடு பிளாஸ்டிக் லேபிளைச் சேர்த்தால் ஐஸையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். வாங்கினால் 300 டி.பி.ஐ. பாருங்கள். 203-ல் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் அடைந்துபோகும்.

டாட் மேட்ரிக்ஸ்: கார்பன் நகலோடு பில் வேண்டுவோருக்கு மட்டும்.

குழுவுக்கு ஏற்ற வழி: மீன் பொருளுக்கு அசைவக் குறி, பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமாக இருக்க வேண்டும். கறுப்பு-வெள்ளை பிரிண்டரில் அது வராது. ஆகவே பெயர், முகவரி, சேர்பொருள், 'மீன் அடங்கியது' என்ற ஒவ்வாமைக் குறிப்பு, அசைவக் குறி ஆகிய மாறாத விவரங்களை அச்சகத்தில் வண்ணத்தில் ஏ4 ஸ்டிக்கர் தாளாக மொத்தமாக அடித்து வாங்குங்கள். லேசரில் ஓட்டப்போவதை அச்சகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். தேதி, தொகுதி எண், விலைக்கு இடம் விட்டு, அவற்றை அவ்வப்போது கறுப்பு-வெள்ளை லேசரில் அடிக்கலாம். விலையை முன்கூட்டியே அச்சிட்டால், பின்னால் உயர்த்தி மேலே ஸ்டிக்கர் ஒட்டச் சட்டம் இடம் தராது. பில், வங்கி மனு எல்லாம் அதே பிரிண்டரில் முடிந்துவிடும். ஊறுகாய் விற்பனை பெருகினால் ரிப்பன் பிரிண்டரைப் பிறகு சேர்க்கலாம்.

செலவுக் கணக்கு: பிரிண்டர் விலையோடு டோனர் விலையையும் கேளுங்கள். உதாரணமாக, 1,500 ரூபாய் டோனர் 1,500 பக்கம் வரும் என்றால் பக்கத்துக்கு 1 ரூபாய். ஏ4 தாளில் 24 லேபிள் என்றால், தாள் விலை தவிர லேபிளுக்கு 5 காசுக்கும் குறைவு. டோனர் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, தாளில் சுமார் 5 சதவீதம் எழுத்து இருந்தால் வருவது. நெருக்கமாக அடித்தால் குறையும்.

வாங்கும் முன்: உங்கள் ஸ்டிக்கர் தாளைக் கடைக்குக் கொண்டுபோய் மாதிரி அடித்து வாங்குங்கள். ஒன்றை ஐஸ் தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். இன்னொன்றில் நல்லெண்ணெய் தடவித் தேயுங்கள். இரண்டிலும் தேதி படிக்க முடிந்தால் வாங்கலாம்.

கடற்கரை வீட்டில் உப்புக் காற்று எந்த பிரிண்டரையும் அரிக்கும். ஜன்னலுக்கும் கருவாடு காயும் இடத்துக்கும் தள்ளி, மூடி வையுங்கள். தாள் கட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நமுத்துச் சிக்காது.