தற்செயலின் பக்தர்களுக்கு

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்கு இது பதில். பதில் என்பதைவிட எனக்கேற்பட்ட எரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். படப்பிடிப்புத் தளத்தில் 'இண்டிமஸி கோஆர்டினேட்டர்' என்று ஒருவர் வந்து நிற்க ஆரம்பித்ததோடு சினிமா என்கிற கலை செத்துவிட்டதாக அவர் தீர்ப்பளித்திருக்கிறார். கலைஞனுக்கும் அனுபவத்துக்கும் நடுவே ஒரு குமாஸ்தா புகுந்துவிட்டாராம். குமாஸ்தா என்பதை வசவாகப் பயன்படுத்தியிருப்பதால், பதினொரு வருஷமாக வங்கியில் அந்த உத்தியோகம் பார்க்கும் நான் பதில் சொல்வதில் தவறில்லை. ('நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர்' என்று மொழிபெயர்த்தால் ஏதோ பஞ்சாயத்து யூனியன் அதிகாரி போல ஒலிக்கிறது. ஆங்கிலமே இருக்கட்டும்.)

இவர் செய்கிற வேலை என்ன என்று நண்பர் விசாரித்ததாகத் தெரியவில்லை. திரைக்கதையில் 'இருவரும் உறவு கொள்கிறார்கள்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு இயக்குநர் மனசில் என்ன அர்த்தம், நடிகை மனசில் என்ன அர்த்தம் என்று தனித்தனியாகக் கேட்டறிவது. உடம்பில் எது காமிராவில் தெரியும், யார் கை எங்கே படலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவது. தோல் நிறத் துணி, ஒட்டுநாடா, இரண்டு உடம்புக்கும் நடுவே வைக்கிற சின்ன மெத்தை இவற்றைக் கொண்டுவருவது. வேலையில்லாதவர்களைத் தளத்தைவிட்டு அனுப்புவது. பிறகு அசைவுகளை நடனம் மாதிரி எண்ணிச் சொல்லிக்கொடுப்பது. ஹார்வி வைன்ஸ்டீன் விவகாரம் 2017ல் வெடித்தது. அடுத்த வருஷமே ஹெச்.பி.ஓ. நிறுவனம் 'த ட்யூஸ்' தொடருக்கு அலிஷியா ரோடிஸ் என்பவரை இவ்வேலையில் அமர்த்தியது, அதில் நடித்த எமிலி மீட் கேட்டுக்கொண்டதன்பேரில். 2020ல் அமெரிக்க நடிகர் சங்கம் இதற்கென்று நெறிமுறைகள் வெளியிட்டது. இதில் கலையைக் கொல்கிற விஷம் எங்கே இருக்கிறது?

நம் ஸ்டூடியோக்களில் சண்டைக்கு மாஸ்டர் உண்டு. நடனத்துக்கும் உண்டு. நிஜக் கத்தியால் குத்தினால்தான் முகத்தில் நிஜ வலி வரும் என்று எந்த விமர்சகரும் எழுதிப் பார்த்ததில்லை. துணி விலகுகிற இடத்தில் மட்டும் இவர்களுக்குத் திடீரென்று தற்செயலின் மேல் பக்தி வந்துவிடுகிறது.

நண்பர் சாட்சிக்கு அழைத்திருப்பது பெர்டோலுச்சியை. 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்', 1972. சரி, அங்கேயே போவோம். மரியா ஷ்னைடர் அப்போது இருபதைத் தொடுகிற பெண். மார்லன் பிராண்டோ ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், உலகப் புகழ் பெற்றவர். பலாத்காரக் காட்சியில் வெண்ணெயை உபயோகிப்பது என்று இயக்குநரும் பிராண்டோவும் அன்று காலை முடிவு செய்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாக அவள் அவமானப்படுவதைத்தான் தான் விரும்பியதாக 2013ல் பெர்டோலுச்சியே சொன்னார். குற்றவுணர்வு உண்டு, வருத்தமில்லை என்றும் சொன்னார். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்று ஷ்னைடர் 2007லேயே சொல்லியாயிற்று. 2011ல் அவர் இறந்தும் போனார். உலகம் பதறியது 2016ல், இயக்குநர் பேசிய அந்தத் துண்டுப்படம் பரவியபோது. அவள் சொன்னபோது புலம்பல், அவர் சொன்னபோது வாக்குமூலம். காட்சியின் வன்முறை அவளுக்குத் தெரியும், வெண்ணெய் மட்டுமே புதிது என்று அதன்பிறகு அவர் விளக்கம் வேறு கொடுத்தார். அந்த 'மட்டுமே'யைத்தான் நண்பர் கலை என்கிறார்.

என் ஆட்சேபம் ஒழுக்கம் சார்ந்தது மட்டுமல்ல. நடிப்பு என்பது தெரிந்துகொண்டு செய்கிற காரியம். தெரியாமல் வந்த கண்ணீர் கண்ணீர்தான், அதில் நடிகையின் பங்கு ஒன்றுமில்லை. அந்த அறையில் இருந்த மூவரில் இருவருக்கு அது திட்டம், ஒருத்திக்கு மட்டும் தற்செயல். பிராண்டோவுக்கு நடிக்க அனுமதி இருந்தது. அவளுக்கு அது மறுக்கப்பட்டது. ஒரு நடிகையிடமிருந்து வரவழைக்க முடியாததைத் திருடிக்கொண்டவரை மேதை என்பதா, தொழில் தெரியாதவர் என்பதா?

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது என்பதையும் எழுதிவிட வேண்டும். இதே பத்திரிகையில், இருபத்தைந்து வயதில், அந்தக் காட்சியின் 'சுத்த நிஜம்' பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் நான். பிலிம் சொசைட்டியின் இருட்டில் அவள் அழுததைப் பார்த்துவிட்டு டீக்கடையில் மணிக்கணக்காக இருத்தலியம் பேசியிருக்கிறோம். அவள் பேட்டி அப்போதே அச்சில் இருந்தது. தேடிப் படிக்கவில்லை.

பாரிஸ் தொலைவு என்றால் கோடம்பாக்கம் இருக்கிறது. 'புன்னகை மன்னன்' 1986. அதன் முத்தக் காட்சி தனக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று நடிகை ரேகா சொன்ன பேட்டி 2020ல் பரவலாகப் பேசப்பட்டது. பாலச்சந்தரின் துணிச்சலைப் பற்றி அதுவரை பக்கம் பக்கமாக எழுதியவர்கள் ஒரு வாரம் மௌனம் காத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நண்பர் 'அனோரா'வைக் காட்டுகிறார். அதன் கதாநாயகி மைக்கி மேடிசன் கோஆர்டினேட்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டு நடித்து 2025ல் ஆஸ்கர் வாங்கினார் என்பது வாஸ்தவம். அவரிடம் வேண்டுமா என்று கேட்டார்கள் என்பதும் வாஸ்தவம். ஷ்னைடரிடம் யார் கேட்டார்கள்? இப்படி எண்ணி எண்ணிச் செய்தால் இயல்பு கெடும் என்று 2022ல் ஆங்கில நடிகர் ஷான் பீன் குறைப்பட்டார். ஐட்டா ஓப்ரையன் அமைத்துக்கொடுத்த காட்சிகளை 'நார்மல் பீப்பிள்' தொடரில் (2020) பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு இளம் முகங்களில் இருக்கிற தயக்கமும் சிரிப்பும் ஒத்திகை பார்த்து வந்தவை.

நண்பரின் பயத்தில் ஒரே ஒரு நியாயம் உண்டு. இவருக்குச் சம்பளம் தருவது தயாரிப்பாளர். நாளைக்கு இதுவும் நாலு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் என்று ஆகிவிடலாம். எங்கள் கிளையில் காசறையை இரண்டு பேர் இரண்டு சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது விதி. இரண்டு சாவியும் ஒரே மேஜை டிராயரில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்காக இரண்டாவது சாவியே வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அந்த டிராயருக்குச் சொந்தக்காரர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் எங்கள் சொசைட்டியில் 'லாஸ்ட் டாங்கோ' மறுபடி திரையிடுகிறார்கள். அறிமுகக் குறிப்பு எழுதுவது நண்பர். போன தடவை எழுதியது நான். ஷ்னைடர் பெயரை அதில் எழுத்துப்பிழையோடு ஒரே ஒரு இடத்தில் போட்டிருந்தேன்.